உப்பும் உறைபனியும் தின்னாத ரோஜா: ருகோசாவை நடுவதிலிருந்து போத்தலில் அடைப்பது வரை

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு முன்னால், நடைபாதைக்கும் புல்தரைக்கும் இடையில், ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு நீளத் துண்டு நிலம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வீதியில் கொட்டுகிற உப்பு உருகி வந்து சேர்வது அங்கேதான். லவண்டர் வைத்தேன், போய்விட்டது. எதையும் தாங்கும் என்று சொல்லி விற்ற இன்னொரு புதரும் இரண்டாவது மார்ச்சில் விறகாக நின்றது. கடைசியாக வைத்தது ருகோசா ரோஜா. பத்து வருடமாக அது அங்கே நிற்கிறது. மூடிவைக்கவில்லை, மருந்து அடிக்கவில்லை. ஜூனில் பூ தருகிறது, ஓகஸ்ட் முடிவில் குட்டித் தக்காளி மாதிரிப் பழம் தருகிறது. இரண்டையும் சாப்பிடலாம்.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கஷ்டமெல்லாம் சமையலறையில்தான். பழத்துக்குள் விதையைச் சுற்றி மெல்லிய ரோமம் இருக்கும். அதை எடுக்கத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். தெரியாமல் இறங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இது எந்த ஊர்ச் செடி

ருகோசா பிறந்தது வடகிழக்கு ஆசியாவின் கடற்கரைகளில்: ஜப்பானின் வடக்கு, கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் சகாலின், கம்சட்கா. கடல் உப்புக் காற்றும் மணலும் உறைபனியும்தான் அதன் தாய்வீடு. எங்கள் வீதி உப்பு அதற்குப் பொருட்டே இல்லாமல் போனதன் காரணம் அதுதான். ஜப்பானியர் இதை ஹமானசு என்பார்கள். ஹமா என்றால் கடற்கரை. மீதிப் பாதி பேரிக்காயா கத்தரிக்காயா என்பதில் இரண்டு கருத்து உண்டு. ஹொக்கைடோ மாகாணத்தின் பூ இதுதான். பேரரசி மசாக்கோவின் தனிச் சின்னமும் இதுதான். கொரியர்களுக்கு இது ஹேடாங்வா. சீனர்களுக்கு மெய்குய், ஷான்டொங் மாகாணத்துப் பிங்யின் பகுதியில் இதை இதழுக்காகவே வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். ஜெர்மன்காரர் இலையைப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு ரோஜா என்று பெயர் வைத்தார்கள்.

ரோசா ருகோசா என்ற தாவரவியல் பெயரை 1784இல் வைத்தவர் ஸ்வீடன்காரரான துன்பெர்க். ருகோசா என்றால் இலத்தீனில் சுருக்கம் விழுந்தது என்று பொருள். இலையைத் தடவிப் பார்த்தால் புரியும். நரம்புகள் ஆழமாக இறங்கி, இலை முழுவதும் அயர்ன் பண்ணாத பருத்திச் சேலை மாதிரி இருக்கும்.

அடையாளம் காண ஐந்து விஷயம் பார்த்தால் போதும். ஒரு காம்பில் 5 முதல் 9 வரை சிற்றிலைகள். தண்டு முழுவதும் விரல் வைக்க இடமில்லாமல் நேரான சின்ன முட்கள். உள்ளங்கை அகலத்தில், பெரும்பாலும் ஐந்து இதழோடு, கடும் இளஞ்சிவப்பில் அல்லது வெள்ளையில் பூ. கிராம்பை நினைவூட்டுகிற வாசனை. கடைசியாக, 2 முதல் 3 சென்டிமீற்றர் அகலத்தில் மேலும் கீழும் அமுங்கிய உருண்டைப் பழம். கொய்யாவின் நுனியில் இருப்பது போல இதன் நுனியிலும் பச்சை இதழ்களின் மிச்சம் ஒரு கிரீடமாக ஒட்டியிருக்கும். ரோஜாப் பழம் எதுவாக இருந்தாலும் இந்தக் கிரீடம் இருக்கும். பழம் மட்டும் சிவப்பாக இருக்கிறது என்று எந்தப் புதரிலும் கை வைக்காதீர்கள். இந்த ஊர்த் தோட்டங்களில் நச்சுள்ள சிவப்புக் காய்களும் உண்டு. முள், சிற்றிலை, கிரீடம் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

எந்தக் காட்டு ரோஜாவின் பழமும் இதே கணக்குத்தான். அல்பேர்ட்டா மாகாணத்தின் பூவான முள் ரோஜா, ஐரோப்பிய வேலிகளில் படரும் நாய் ரோஜா எல்லாம் உண்ணத் தகுந்தவை. ஆனால் பழம் சின்னது, சதை மெல்லியது, சுத்தம் பண்ணுவதற்குள் பொறுமை போய்விடும். தமிழ்நாட்டிலும் ஒரு காட்டு ரோஜா இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் வெள்ளைப் பூவோடு ஏறும் ரோசா லெஷனோல்டியானா. தெற்கு மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது என்பதால் அதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதை வாங்குவது

பழம் வேண்டுமா, இதழ் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுக்கு இதழ் ரகங்கள் பல வாசனையில் மயக்கும், ஆனால் பழத்தில் ஏமாற்றும். 1892ஆம் ஆண்டு பிரெஞ்சு ரகமான பிளாங்க் டூப்ல டி கூபேர் அப்படித்தான். வெள்ளைப் பூ பிரமாதம், பழம் ஒன்றிரண்டு. 1905இல் வந்த ஹன்சா நடுவில் நிற்கும்: ஊதா கலந்த சிவப்பில் நல்ல வாசனை, ஓரளவு பழம். பழத்துக்கென்றே வாங்குவதானால் டென்மார்க்கில் 1914இல் வந்த ஃப்ரு டாக்மார் ஹாஸ்ட்ரப்தான் என் தேர்வு. ஒற்றை அடுக்கு வெளிர் இளஞ்சிவப்புப் பூ, குட்டையான புதர், பெரிய பழம். பெயரில்லாத சாதாரண ருகோசாவும் குறைந்ததில்லை. என் வீட்டில் நிற்பதில் பாதி அதுதான்.

கனடாவில் இருப்பவர்கள் எக்ஸ்ப்ளோரர் ரோஜா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஒட்டாவா மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் பெலிசிடாஸ் ஸ்வெய்டா என்ற பெண் விஞ்ஞானி இந்த நாட்டுக் குளிருக்கென்று உருவாக்கிய வரிசை அது. 1968இல் வந்த மார்ட்டின் ஃப்ரோபிஷர் முதல் ரகம். ஜென்ஸ் மங்க், ஹென்றி ஹட்சன் போன்றவற்றிலும் ருகோசா இரத்தம்தான் ஓடுகிறது. தோட்ட அழகுக்கு நல்லவை. சமையலுக்கு நான் அவற்றைத் தேடிப் போவதில்லை.

வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: சொந்த வேரில் வளர்ந்ததா, ஒட்டுக் கட்டியதா? ருகோசா வேரிலிருந்து பக்கக் கன்று விடும் செடி. ஒட்டுச் செடியானால் கீழிருந்து கிளம்பும் கன்று வேறு ஏதோ ரோஜாவாக இருக்கும். ஒரு நாற்றுப்பண்ணையில் மலிவாக வாங்கிய என் இரண்டாவது செடி மூன்றாம் வருடம் சின்ன வெள்ளைப் பூவாகக் கொத்துக் கொத்தாகப் பூத்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மேலே ஒட்டியது எப்போதோ செத்துப்போயிருந்தது.

யாராவது தெரிந்தவர் வீட்டில் ருகோசா இருந்தால் வாங்கவே தேவையில்லை. பனி உருகிய கையோடு, மொட்டு விரிவதற்கு முன்னால், ஓரத்தில் நிற்கும் கன்று ஒன்றை வேரோடு மண்வெட்டியால் வெட்டி எடுத்து வாருங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் ஈர மணலில் மாதக்கணக்காகக் குளிரவைத்துக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

நடுதல்

ரொறன்ரோப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை நல்ல காலம். சட்டிச் செடியானால் செப்டெம்பரிலும் நடலாம். உறைவதற்குள் வேர் பிடிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

1. குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழலில் செடி சாகாது, ஆனால் பழம் வராது.

2. வேர் உருண்டையின் இரு மடங்கு அகலத்தில், அதே ஆழத்தில் குழி எடுங்கள். ஸ்காபரோ மண் களிமண். தண்ணீர் தேங்கினால் ருகோசாவுக்குப் பிடிக்காது. எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கொம்போஸ்ட் கலந்து, நிலமட்டத்தை விடச் சற்று மேடாகவே நிரப்புங்கள்.

3. வேர் மட்டும் வெளியே தெரியும் செடியாக வாங்கியிருந்தால் நடுவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

4. வேலியாக வேண்டுமென்றால் செடிக்குச் செடி ஒரு மீற்றர். தனிப் புதராக வேண்டுமென்றால் ஒன்றரை மீற்றர் விடுங்கள். இது ஆளுயரத்துக்கும் போகும், அகலத்திலும் குறையாது.

5. முதல் கோடையில் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து வானம் பார்த்துக்கொள்ளும்.

நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளாகிப் போனால் பயப்பட வேண்டாம். மண்ணில் காரம் கூடி, செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வசந்தத்திலும் கொம்போஸ்ட் போட்டுக்கொண்டு வந்தால் மெல்ல மெல்லச் சரியாகும்.

வருடத்தில் ஒரு நாள் வேலை

மார்ச் முடிவில், கனத்த கையுறை போட்டுக்கொண்டு, மிகவும் வயதான தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டுங்கள். அதே நாளில் எல்லை தாண்டிய கன்றுகளை மண்வெட்டியால் துண்டித்து இழுத்து எடுத்துவிடுங்கள். அந்த வருடத்துப் பெரிய வேலை அவ்வளவுதான்.

பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ வேண்டாம். சாப்பிடப் போகிறோம் என்பது ஒரு காரணம். மருந்து பட்டாலே ருகோசாவின் இலை கருகி விழும் என்பது இன்னொன்று. ஜூலையில் ஜப்பான் வண்டு வரும். பச்சையும் செம்பும் மின்னுகிற அழகான திருடன். காலையில் குளிரில் விறைத்திருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் பொலபொலவென்று விழும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வண்டுக்கு ஒரு சதம் என்று கூலி பேசியிருந்தேன். ஒரு ஜூலையில் என் பை காலியானது.

மற்ற ரோஜாக்களில் வாடிய பூவை வெட்டிவிடச் சொல்வார்கள். இதில் அதைச் செய்யாதீர்கள். வெட்டினால் பழம் எங்கிருந்து வரும்?

எங்கே நடக் கூடாது

இவ்வளவு உறுதியான செடிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. டென்மார்க், ஜெர்மனி, பிரித்தானியா, நோர்வே கடற்கரைகளில் ருகோசா தப்பி ஓடி, மணல்மேடுகளை முழுவதுமாக மூடி, அங்கே வளர்ந்த சின்னச் செடிகளை அமுக்கிவிட்டது. பழம் கடல் தண்ணீரில் மாதக்கணக்காக மிதக்கும்; கரை ஒதுங்கினால் விதை முளைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைக் காட்டுப் பகுதியில் நடுவது சட்டப்படி குற்றம். ஆகவே கடற்கரையோ ஏரிக்கரை மணலோ பக்கத்தில் இருந்தால் நடாதீர்கள். வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: நட வேண்டிய அவசியமே இல்லை, போய்ப் பறித்தால் போதும். அதற்கு முன் அந்த இடத்தில் பறிக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் செடியிலிருந்து எதையும் பறிக்கக் கூடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் சிவந்து நிற்பதைப் பார்த்துக் காரை நிறுத்த வேண்டாம். அது புகையும் மருந்தும் குடித்து வளர்ந்தது. பூக்கடை ரோஜாவும் அதே மாதிரித்தான், சாப்பாட்டுக்கு ஆகாது.

ஜூன்: இதழ்

பறிக்கிற முறையில் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. பனி காய்ந்த காலையில், அன்று விரிந்த பூவை ஒரு கையால் அடியில் பிடித்து, மறு கையால் இதழ்களை மட்டும் ஒரே இழுப்பில் எடுங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தமும் சூலும் செடியிலேயே நிற்கட்டும். தேனீ ஏற்கெனவே வந்து போயிருந்தால் அந்தப் பூவே பழமாகும். இதழும் கிடைத்தது, பழமும் போகவில்லை. முதல் இரண்டு வருடம் நான் பூவோடு கொய்து, ஓகஸ்டில் வெறும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு இதழின் அடியிலும் வெள்ளையாக ஒரு நுனி இருக்கும். அது கசக்கும். பத்துப் பதினைந்து இதழ்களைச் சேர்த்துப் பிடித்து கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் பரப்பிவைத்தால் சின்னப் பூச்சிகள் தாங்களாகவே வெளியேறிவிடும். கழுவினால் வாசனையும் கழுவுப்படும், அதனால் நான் கழுவுவதில்லை.

பக்கத்து வீட்டுப் போலந்துக்கார அம்மா என் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாயா என்று கேட்டதில்தான் எனக்கு இதழின் அருமை தெரிந்தது. போலந்தில் தவக்காலத்துக்கு முந்திய கடைசி வியாழக்கிழமை போன்ச்கி என்ற எண்ணெயில் பொரித்த இனிப்புப் பணியாரத்தை மலைமலையாகத் தின்பார்கள். அதன் வயிற்றுக்குள் இருப்பது அரைத்த ரோஜா இதழும் சீனியும். அடுப்பே வேண்டாம்.

100 கிராம் இதழுக்கு 200 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. அவர் சொரசொரப்பான மண்சட்டியில் மரக்குழவியால் அரைப்பார். எங்கள் அம்மியில் இன்னும் நன்றாக வருகிறது. இதழையும் கொஞ்சம் சீனியையும் போட்டு நசுக்கத் தொடங்கும்போது கறுத்துப்போனது போல இருக்கும். தேசிக்காய் விட்டதும் ஒரு நொடியில் பளீரென்று சிவக்கும். அந்த நிறமாற்றத்தைப் பார்க்கவே செய்யலாம். மிச்சச் சீனியைச் சேர்த்து, சீனி கரையும் வரை அரைத்து, சின்னப் போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். எங்கள் வீட்டில் தை மாதம் வரை வந்திருக்கிறது.

இதைச் சாப்பிட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். குல்கந்து. பன்னீர் ரோஜாவில் செய்வதை ருகோசாவிலும் செய்யலாம். இதழ் ஒரு அடுக்கு, சீனி ஒரு அடுக்கு என்று போத்தலில் நிரப்பி, ஜூலை வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் மூன்று வாரம் வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உலர்ந்த கரண்டியால் கிளறுங்கள். பாலில் ஒரு கரண்டி கலந்தால் போதும். பன்னீர் ரோஜாவின் மென்மை இதில் இல்லை, கிராம்பின் காரம் லேசாக எட்டிப் பார்க்கும். எனக்கு இதுதான் பிடிக்கிறது. என் மனைவிக்கு இல்லை.

ஓகஸ்ட், செப்டெம்பர்: பழம்

ருகோசாவின் பழம் மற்றக் காட்டு ரோஜாக்களுக்கு முன்பே பழுத்துவிடும். நாய் ரோஜாவுக்கு முதல் உறைபனி வரை காத்திரு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். இதற்கு அது பொருந்தாது. காத்திருந்தால் மாவாகிக் குழைந்துவிடும், புழுவும் முந்திக்கொள்ளும். முழுவதும் சிவந்து, பெருவிரலால் அமுக்கினால் லேசாக உள்வாங்கும் பதம்தான் சரி. சட்டியில் போடுவதற்கு ஒரு நாள் முன்னால் தக்காளி எப்படி இருக்கும், அப்படி. ஜாம் செய்வதானால் நாலில் ஒரு பங்கு இன்னும் கெட்டியாக இருப்பதையும் சேருங்கள், இறுகுவதற்கு உதவும். தோலில் கறுத்த புள்ளியோ கோடோ இருந்தால் வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே குடித்தனம் நடக்கும்.

இனி அந்த ரோமம். முதல் வருடம் நான் பழத்தின் காம்பை மட்டும் கிள்ளிவிட்டு, விதையோடு மிக்ஸியில் போட்டுச் சட்னி அரைத்தேன். நிறம் அற்புதமாக இருந்தது. இரண்டாவது வாயில் தொண்டையில் கம்பளிப் போர்வை சிக்கிக்கொண்டது போல ஒரு அரிப்பு. இரவு முழுவதும் வீட்டில் எல்லோரும் செருமிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, ஐரோப்பியப் பிள்ளைகள் இந்த ரோமத்தை எடுத்து ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டு விளையாடுவார்களாம். அரிப்புப் பொடி. பிரெஞ்சுக்காரர் இந்தப் பழத்துக்கு வைத்திருக்கும் நாட்டுப்புறப் பெயரின் பொருளைச் சபையில் சொல்ல முடியாது. பின்பக்கம் சொறிவதைப் பற்றியது.

ரோமத்தை எடுக்க இரண்டு வழி. எதைச் சமைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, கரண்டி. சதையாகச் சாப்பிடும் எதற்கும் இதுதான். மெல்லிய ரப்பர் கையுறை போடுங்கள். கிரீடத்தையும் காம்பையும் நறுக்கி, பழத்தை இரண்டாகப் பிளந்து, சின்னத் தேக்கரண்டியின் நுனியால் விதையையும் ரோமத்தையும் ஒரே சுழற்றில் தோண்டி எடுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மூன்று முறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிலோ பழத்தில் எனக்குப் பாதி அளவு சதை மிஞ்சும். நேரம் ஒரு முழு மத்தியானம். பேச்சுத் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, துணி. பானிக்கும் (சீனிப் பாகு) சூப்புக்கும் முழுப் பழத்தையும் கொதிக்கவைத்து, நெருக்கமான பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்ட வேண்டும். கம்பி வடி போதாது. ரோமம் அதற்குள்ளால் வந்துவிடும். ஒரு முறை வடித்துவிட்டு, துணியைக் கழுவி, மீண்டும் வடியுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பும் செம்பும் வைட்டமின் சியை அழிக்கும், அலுமினியம் புளிப்போடு ஒத்துப்போகாது.

போர்க்காலப் பானி

ரோஜாப் பழத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, பிரித்தானியாவுக்கு ஆரஞ்சு வருவது நின்றுபோனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சிக்கு என்ன செய்வது? வேலி ஓரத்தில் சும்மா கிடந்த காட்டு ரோஜாப் பழம் கண்ணில் பட்டது. 1941இலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் சாரணர்களும் மாதர் சங்கங்களும் வருடாவருடம் நூற்றுக்கணக்கான தொன் பழம் பொறுக்கிக் கொடுக்க, அது பானியாகிக் குழந்தைகளின் கரண்டிக்கு வந்தது. கணக்கைப் பார்த்தால் அவர்கள் செய்ததில் நியாயம் தெரியும்: அமெரிக்க விவசாயத் துறையின் பட்டியலில் 100 கிராம் காட்டு ரோஜாப் பழத்துக்கு 426 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆரஞ்சுக்கு 53. காய்ச்சும்போது ஒரு பகுதி போய்விடும். இருந்தாலும் மிஞ்சுவது கொஞ்சமில்லை.

அந்தக் காலத்து உணவு அமைச்சு வீடுகளுக்குச் சொன்ன முறையை பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாற்றி எழுதுகிறேன். இன்றும் இதை விடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை.

1. 1.7 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். கொதிக்கும் வரை பழத்தை வெட்டாதீர்கள்.

2. 900 கிராம் பழத்தைக் கழுவி, மிக்ஸியில் ஒன்றிரண்டாக அரைத்து, அரைத்த கையோடு கொதிநீரில் கொட்டுங்கள். பழம் நசுங்கியதும் அதற்குள் இருக்கும் ஒரு நொதி வைட்டமினைத் தின்னத் தொடங்கும். கொதிநீர் பட்டால் அந்த நொதி அடங்கும். அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

3. மறுபடி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, 15 நிமிடம் மூடிவைத்து, துணியில் வடியுங்கள். பிழியாதீர்கள், ரோமம் வரும்.

4. சக்கையைத் திரும்பச் சட்டியில் போட்டு, 850 மில்லிலீற்றர் கொதிநீர் விட்டு, ஒரு கொதி, 10 நிமிடம், மீண்டும் வடி.

5. இரண்டு சாறையும் சேர்த்து, கழுவிய துணியில் இன்னொரு முறை வடித்து, 850 மில்லிலீற்றராகச் சுண்டும் வரை காய்ச்சுங்கள்.

6. 560 கிராம் சீனி போட்டு, கரைந்ததும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த சின்னப் போத்தல்களில் சூடாகவே அடையுங்கள்.

சின்னப் போத்தல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திறந்தால் இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். தோசையின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது என் கடைசிப் பிள்ளையின் கண்டுபிடிப்பு. நான் தடுக்கவில்லை.

ஸ்வீடன் சூப்

நீபொன்சொப்பா என்று ஸ்வீடனில் இதைக் காலையிலும் சாப்பிடுவார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாகவும் சாப்பிடுவார்கள். கடையில் பால் மாதிரிப் பெட்டியிலேயே விற்கும். எங்களுக்குக் கூழ் என்று சொன்னால் உடனே விளங்கும். அரைக் கிலோ பழத்தை ஒரு லீற்றர் தண்ணீரில் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, துணியில் வடித்து, மூன்று மேசைக்கரண்டி சீனி போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்து பளபளப்பானதும் இறக்கிவிடுங்கள். அடித்த கிரீமும் சின்ன பாதாம் பிஸ்கட்டும் மேலே போடுவது வழக்கம். சூடாகவும் குடிக்கலாம், குளிரவைத்தும் குடிக்கலாம். ஜனவரியில் பனி தள்ளிவிட்டு வந்து குடிக்கும்போது சூடு.

ஜாம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜெர்மனியில் ரோஜாப் பழ விழுதைத் திருவிழாக் காலத்துப் பணியாரத்துக்குள் வைப்பார்கள், அது அருமையானது. ஆனால் அவ்வளவு சதையைக் கரண்டியால் தோண்டிய பிறகு அதைச் சீனிக்குள் புதைக்க எனக்கு மனம் வருவதில்லை. எனக்கு அந்தச் சதை தொக்குக்குத்தான்.

தொக்கு

இது எந்த நாட்டின் பாரம்பரியமும் கிடையாது, எங்கள் வீட்டுப் பரிசோதனை. சதை புளிப்பும் லேசான இனிப்புமாகத் தக்காளியை ஒத்திருக்கிறது என்பதால் தோன்றிய யோசனை. சுத்தம் செய்த சதை 500 கிராம். சட்டியில் ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஒரு தேக்கரண்டி கடுகு வெடித்ததும், தட்டிய உள்ளிப்பூண்டு பத்துப் பல் போட்டு வதக்குங்கள். சதையைப் போட்டு, கால் கப் தண்ணீர் தெளித்து, மூடி, குழையும் வரை பத்து நிமிடம். பிறகு மூன்று தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை. தீயைக் குறைத்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை கிளறுங்கள். அரை மணி நேரம் ஆகும். புளி தேவைப்படாது. பழம் நன்றாகப் பழுத்திருந்தால் மட்டும் இறக்கிய பின் ஒரு பாதி தேசிக்காய் பிழியுங்கள். குளிர்பெட்டியில் ஒரு மாதம் நிற்கும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் தொட்டுக்கொள்ளும்போது இது எதில் செய்தது என்று விருந்தாளிகளைக் கேட்பேன். ரோஜா என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

குளிர்காலத்துக்கு

மிச்சப் பழத்தைக் காயவையுங்கள். பிளந்து, தோண்டி, அலசிய பாதிகளை உலர்த்தும் இயந்திரத்தில் 45 பாகை செல்சியஸில், மடக்கினால் ஒடியும் வரை. என்னுடையதில் ஒரு இரவும் மறுநாள் மத்தியானமும் எடுக்கும். நாய் ரோஜா போன்ற சின்னப் பழமானால் தோண்டி முடியாது. முழுதாகக் காயவைத்து, ஒன்றிரண்டாக உடைத்து, மாவரிப்பில் போட்டுச் சலித்தால் ரோமம் தூசாகக் கீழே இறங்கிவிடும். வெளியில் நின்று, மூக்கைக் கட்டிக்கொண்டு சலியுங்கள்.

கடையில் விற்கும் ரோஜாப் பழத் தேயிலைப் பையை வெந்நீரில் போட்டதும் இரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு பெரும்பாலும் கூடவே கலந்திருக்கும் செம்பருத்தி இனத்துப் பூவிலிருந்து வருவது. தனி ரோஜாப் பழம் மங்கிய செம்மஞ்சள் நிறத்தில்தான் இறங்கும், அதுவும் மெதுவாக. அதனால் வெந்நீரில் முக்கி எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் உடைத்துப் போட்டு, பத்து நிமிடம் சிறுதீயில் வைக்க வேண்டும். ரஷ்யர்களின் வழி இன்னும் சுலபம்: படுக்கப் போகும் முன் ஒரு கைப்பிடியைத் தேமோஸ் போத்தலில் போட்டு, கொதித்து ஆறிய சுடுநீர் ஊற்றி மூடிவைப்பார்கள். காலையில் வடித்து, தேன் விட்டுக் குடியுங்கள். அடியில் ஊறிக் கிடக்கும் சதையைக் கொட்டிவிடாதீர்கள். அதே போத்தலில் இன்னொரு தடவை சுடுநீர் ஊற்றலாம், இரண்டாவது கோப்பை கொஞ்சம் வெளிறியிருக்கும், ஆனால் புளிப்பு குறைந்திருக்காது.